மூடிய மேடையும் மூடாத சுடுகாடும்

1

கொரோனாக் காலத்தில் கலைகளுக்கு என்ன நேர்ந்தது என்று தமிழில் எழுதப்பட்டவற்றைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைத்து வாசித்து வருகிறேன். நாளிதழ்ச் செய்திகள், இலக்கிய இதழ்களின் சிறப்புப் பக்கங்கள், கல்லூரிக் கருத்தரங்கக் கட்டுரைகள் என்று ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. எழுதியவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள். சிலர் நமக்குத் தெரிந்த தோழர்கள். ஆனாலும் மூட்டையை அவிழ்த்து வாசித்து முடித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவர்கள் 'கலை' என்று எதைச் சொல்கிறார்கள்? 'மேடை' என்று எதைச் சொல்கிறார்கள்?

கட்டுரைகள் ஏறக்குறைய ஒரே தடத்தில் போகின்றன. 2020 மார்ச் 12 அன்று நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் மூடப்பட்டன என்று தொடங்கும். அடுத்து சென்னைக்கு வரும். மார்ச் நடுவில் தியேட்டர்களை மூடியது, மார்ச் 19 முதல் படப்பிடிப்புகள் நின்றது, மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கு வராமல் நேரே அமேசான் பிரைமில் வெளியானது, அதற்குத் தியேட்டர் முதலாளிகள் கொதித்தது, நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு தியேட்டர்கள் திறந்தது, 2021 ஜனவரியில் 'மாஸ்டர்' வருகிற நேரத்தில் முழு இருக்கைக்கும் அனுமதி கொடுத்த அரசு நாலே நாளில் அதைத் திரும்பப் பெற்றது என்று வரிசையாக வரும். பிறகு மார்கழி. 2020 டிசம்பரில் மியூசிக் அகாதமி கச்சேரிகளை இணையத்தில் நடத்தியது, ரசிகர்கள் வீட்டில் இருந்தபடியே கேட்டார்கள் என்று வரும். கடைசிப் பத்தியில் 'கிராமியக் கலைஞர்களும் வாடினர்' என்று ஒரு வரி. கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிற படம். அவ்வளவுதான்.

எல்லாம் நடந்தவைதான். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. நான் கேட்பது வேறு. ஆளும் ஆளும் நேருக்கு நேர் கூடி, உடம்பும் குரலும் தோலும் சேர்ந்து நிகழ்த்துவதுதான் நிகழ்கலை என்றால், தமிழ்நாட்டில் வருஷம் முழுக்க, ஊர் தவறாமல் நடக்கிற நிகழ்கலை எது? சாவு வீட்டுக் கொட்டும் ஒப்பாரியும்தான். அதற்குச் சீசன் கிடையாது. டிக்கெட் கிடையாது. விளம்பரம் கிடையாது. அந்த நிகழ்ச்சி 2020இல் நின்றுபோனதைப் பற்றி என் மூட்டையில் ஒரு பக்கம்கூட இல்லை. ஏன் இல்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

2

எங்கய்யா கொட்டுக்காரர். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் காலனி எங்களுடையது. நான் படித்துவிட்டதால் 'பறை' என்று எழுதுகிறேன். அவர் வாயில் 'கொட்டு' என்றுதான் வரும். 'பறை' என்ற சொல் அவர் காதில் வசவாக மட்டுமே விழுந்த சொல். எம்.ஏ. தமிழ் வகுப்பில் சங்க இலக்கியப் பறையைப் பற்றிப் பேராசிரியர் பெருமையாகப் பேசியதை ஒரு நாள் வீட்டில் வந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அடிச்சவனுக்கு என்ன குடுத்தாகளாம்?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்த உரையாசிரியரிடமும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பறையை என்ன செய்வது என்பது நமக்குள் ரொம்ப நாளாக நடக்கிற விவாதம். நான் சின்னப் பிள்ளையாக இருந்த 1990களில் அது உச்சத்தில் இருந்தது. மதுரையில் தலித் கலை விழாக்கள் நடந்தன. கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் நம் பாட்டையும் ஆட்டத்தையும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்து அடித்தார்கள். ஒரு பக்கம் இப்படி 'பறையை எடு, அது நம் எதிர்ப்பின் குரல்' என்றார்கள். இன்னொரு பக்கம் 'பறையைத் தூக்கி எறி, சாவுக்கு அடிப்பது நம்மேல் சுமத்தப்பட்ட இழிதொழில்' என்று ஊர் ஊராக அடிக்க மறுத்துப் போராட்டம் நடந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு பக்கத்திலும் ரத்தம் சிந்தியவர்கள் இருந்தார்கள்.

நான் இரண்டாவது பக்கம். 2010இல் படிப்பை முடித்து ஊருக்கு வந்ததும் காலனி இளைஞர்களைக் கூட்டி, ஊர்த்தெருச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று முடிவெடுக்க வைத்தேன். எங்கய்யா கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்டார்: "கொட்ட விட்டுப்புட்டு என்னத்தத்தா செய்யச் சொல்ற?" நான் சுயமரியாதையைப் பற்றிப் பேசினேன். அவர் அரிசியைப் பற்றிப் பேசினார். ஊர்க்காரர்கள் களத்து வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ஆடு மாட்டுக்குப் பில்லு அறுக்க வரப்பில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தோம். அப்புறம் எங்கய்யாவும் பெரியய்யாவும் எனக்குத் தெரியாமல் அடிக்கப் போனார்கள். தெரிந்த பிறகு மூன்று மாதம் நான் எங்கய்யாவோடு பேசவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2020இல் ஊரடங்கு வந்து, சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று முதல் விதிகளிலேயே சொன்னபோது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. நாங்கள் கூட்டம் போட்டு, அடி வாங்கி, ஒரு வருஷம் பட்டினி கிடந்து நிறுத்த முடியாததை ஒரு கிருமி நிறுத்திவிட்டது என்று நினைத்தேன். இனி இந்த வழக்கம் தன்னால் ஒழியும் என்று ஒரு தோழருக்குப் போனில் சொன்னேன். நான் எவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டேன் என்பது நாலு மாதத்தில் தெரிந்துவிட்டது.

3

அதற்கு முன்னால் மார்ச் 22. நாடு முழுக்கச் சாயங்காலம் 5 மணிக்குக் கையைத் தட்டச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. ஊர்த்தெருவில் மொட்டை மாடிகளில் ஏறித் தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்டினார்கள். ஒருவர் கோயில் சேகண்டியையே கொண்டுவந்து அடித்தார். எங்கய்யா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கொட்டுச் சத்தம்னா காத அடச்சுக்கிறவக, இன்னிக்கு அவகளே தட்டுறாக பாரு. ஒரு தாளமும் சேரல" என்றார். ஒலிக்கும் சாதி உண்டு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆய்வாளரும் எனக்குச் சொன்னதில்லை. எந்தச் சத்தம் நன்றி, எந்தச் சத்தம் தீட்டு என்பதைச் சத்தம் தீர்மானிப்பதில்லை. அடிக்கிற கை தீர்மானிக்கிறது.

மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாதமும் எங்கள் பக்கத்தில் கோயில் கொடைகளின் காலம். கரகம், நையாண்டி மேளம், கொட்டு எல்லாம் சம்பாதிக்கிற காலம் அதுதான். அந்த மூன்று மாதத்தை வைத்துத்தான் மிச்ச மாதங்களை ஓட்டுவார்கள். அந்த வருஷம் அழகர் வைகை ஆற்றில் இறங்கவில்லை. மே 4 அன்று மீனாட்சி கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, பக்தர்கள் இணையத்தில் நேரலையாகப் பார்த்தார்கள். 2021இலும் திருவிழா கோயிலுக்குள்ளேயே முடிந்தது. சாமிக்கு நேரலை கிடைத்தது. சாமிக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகிறவனுக்கு நேரலை ஏது?

என் மூட்டையிலுள்ள கட்டுரைகள் அடிக்கடி பயன்படுத்துகிற சொல் 'ரத்து'. நிகழ்ச்சிகள் ரத்து, படப்பிடிப்பு ரத்து, கச்சேரி ரத்து. ரத்தாக வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். கரகாட்டக் குழுவுக்காவது வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுப்பார்கள். ரத்தானால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுச் சண்டையாவது வரும். அந்தச் சண்டையில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, 'இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு நட்டம்' என்று எழுத ஒரு எண் இருக்கிறது. சாவுக்கு யார் முன்கூட்டி அட்வான்ஸ் கொடுப்பார்? காலையில் ஒரு ஆள் வந்து வாசலில் நின்று, "டேய், இன்னாரு தவறிட்டாரு, வாங்கடா" என்று சொல்வதுதான் ஒப்பந்தம். வராத அழைப்பை ரத்து என்று எந்தப் பதிவேட்டில் எழுதுவது? இந்த நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. ஏறாததால் கட்டுரையிலும் ஏறவில்லை.

ஜூலையில் ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். கொரோனா அல்ல, வயசுதான். "கொட்டெல்லாம் வேண்டாம், போலீசு வரும்" என்று சொல்லிவிட்டார்கள். சரி, நான் எதிர்பார்த்ததுதானே நடந்தது என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதே ஆள் மறுபடி வந்தார். குழி வெட்ட நாலு பேர் வேண்டும். எங்கள் சித்தப்பா உட்பட நாலு பேர் மண்வெட்டியோடு போனார்கள். சாவுச் சேதி சொல்ல இன்னொரு ஆளை அடுத்த ஊருக்கு சைக்கிளில் அனுப்பினார்கள்.

அன்றைக்கு ராத்திரி எங்கய்யாவிடம் கேட்டேன்: "இருவது பேருக்கு மேல கூடாதுன்னாகளே, குழி வெட்டுன நாலு பேரையும் சேத்தா எண்ணுனாக?"

அவர் சிரித்தார். "நம்மள எதுல எண்ணிருக்காக, இதுல எண்ண?"

தோழர்களே, என் கணக்கு எங்கே தப்பியது என்று இங்கேதான் புரிந்தது. சாவு என்ற நிகழ்ச்சியில் எங்கள் ஆட்களுக்கு ஏழெட்டு வேலை உண்டு. சேதி சொல்வது, பந்தல் கால் நடுவது, விறகு வெட்டுவது, குழி தோண்டுவது, கொட்டு அடிப்பது. இவற்றில் ஒன்றில் மட்டும்தான் கொஞ்சம் கலை இருந்தது. கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. அடிக்கிறவன் தன்னை மறந்து ஆடுகிற ஒரு இடம் இருந்தது. ஊர்க்காரனே நின்று வாய் பிளந்து பார்க்கிற ஒரு நிமிஷம் அதில் இருந்தது. கொரோனா அந்த ஒன்றை மட்டும் நிறுத்தியது. மிச்ச வேலைகள் அப்படியே இருந்தன. கலை நின்றது, சாதி நிற்கவில்லை.

இது முடியவில்லை. ஆகஸ்டில் எங்கய்யாவை மறுபடி கூப்பிட்டார்கள், தண்டோராப் போட. முகத்தில் துணி கட்டாமல் வெளியே வரக் கூடாது, சந்தை கூடாது, கூட்டம் கூடாது என்று தெருத் தெருவாக அடித்துச் சொல்ல வேண்டும். 100 ரூபாய். கூட்டம் கூடக் கூடாது என்று சொல்வதற்காக, கூட்டம் சேர்க்கிற கருவியை எடுத்துக்கொண்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் கொட்டைத் தீயில் காட்டினார். உத்தரவாக அடிக்கலாம், கலையாக அடிக்கக் கூடாது. தண்டோராவை ஒழிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். நல்ல உத்தரவு. ஒலிபெருக்கி வந்து அத்தனை வருஷம் கழித்தும் அது தேவைப்பட்டது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

4

சினிமாத் தொழிலாளிகளைப் பற்றி நான் இளக்காரமாகப் பேசவில்லை. லைட் தூக்குகிறவரும் செட் போடுகிறவரும் நம் ஆட்கள்தான், தினக்கூலிதான். ஆனால் அவர்களுக்கு ஃபெப்சி என்று ஒரு சம்மேளனம் இருந்தது. அதன் தலைவர் வாய்விட்டுக் கேட்டார். நடிகர்கள் பணமும் அரிசி மூட்டையும் கொடுத்தார்கள். ரஜினிகாந்த் 50 லட்சம் ரூபாய் கொடுத்தார். சங்கம் இருந்தால் பட்டினிக்கும் ஒரு முகவரி இருக்கும் என்பது இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

நமக்கும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. நிவாரணம் வாங்கித் தரலாம் என்று எங்கய்யாவையும் பெரியய்யாவையும் கூட்டிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கலையின் பெயர் என்ன என்றார். பறை என்றேன். குழுவின் பெயர் என்ன? குழு கிடையாது, காலனிக்காரர்கள் சேர்ந்து போவார்கள் என்றேன். நிகழ்ச்சி நடத்திய போட்டோ, அழைப்பிதழ், பாராட்டுச் சான்றிதழ் ஏதாவது? பெரியய்யா பொறுக்க மாட்டாமல் சொன்னார்: "செத்தவரு எங்களப் பாராட்டி எழுதிக் குடுத்தா கொண்டாந்து தாரோம் சார்."

அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள். பெரியய்யாவும் சிரித்தார். வெளியே வந்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

அந்த அலுவலரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் மேஜையில் இருந்த படிவத்தைத்தான் நான் விமர்சிக்க வேண்டும். அந்தப் படிவமும் என் மூட்டையிலுள்ள கட்டுரைகளும் ஒரே அகராதியைப் பயன்படுத்துகின்றன. மேடை ஏறியவன் கலைஞன். போட்டோ எடுக்கப்பட்டவன் கலைஞன். வரிசையாக ஒரே நிறத்தில் சட்டை போட்டுத் தலைப்பாகை கட்டி அடிப்பவன் கலைஞன். சாவு வீட்டு வாசலில் அழுக்கு வேட்டியோடு அடிப்பவன் யார் என்றால், அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கடைசியில் அரிசி கார்டு உள்ள எல்லாருக்கும் கிடைத்த 1000 ரூபாய்தான் 2020இல் அவர்களுக்கும் கிடைத்தது. குடிமக்களாகக் கொஞ்சம் கிடைத்தது. கலைஞர்களாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. சாவுப் பறையை இழிவு என்று ஒதுக்கி, மேடைப் பறையை எதிர்ப்புக் குறியீடு என்று கொண்டாடியது நாம்தான். அந்தப் பிரிப்புக்கு ஒரு அரசியல் தேவை இருந்தது. ஆனால் பிரித்து முடித்தபோது சாவுக்கு அடிக்கிற ஆட்கள் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போனார்கள். ஊரடங்கில் எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் இணையத்தில் பறை வகுப்பு எடுத்தார். வெளிநாட்டிலிருந்துகூடப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மகிழ்ச்சி. அதே மாதங்களில் எங்கய்யா ஆடு மேய்த்தார்.

5

எங்கம்மா ஒப்பாரிக்காரி. கொட்டு ஆண்களின் வேலை என்றால் ஒப்பாரி பெண்களின் வேலை. ஊர்த்தெருச் சாவுக்கும் கூப்பிடுவார்கள். செத்தவரின் கொடையையும் குணத்தையும் எங்கம்மா பாட வேண்டும். கொடுக்காதவரையும் கொடுத்தவராகப் பாட வேண்டும். நடுவில் ஒரு வரியில் தன் சொந்தத் துக்கத்தைச் சொருகிவிடுவாள். ஊர்க்காரர்கள் கவனிக்க மாட்டார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு மட்டும் அது கேட்கும். உள்குரல், இரட்டைப் பொருள் என்றெல்லாம் நாம் விமர்சனத்தில் எழுதுவதை எங்கம்மா ஒரு மூச்சில் செய்வாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் சித்தி மகன் 2021 மே மாதம் இறந்தான். இரண்டாம் அலை. உறைக்குள் வைத்துக் கட்டி அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இங்கிருந்து யாரும் போக முடியவில்லை. சித்தி போன் போட்டாள். எங்கம்மா போனைத் தரையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். நாலு அடி பாடினாள். நிறுத்திவிட்டாள். "எதிர்ல ஆளு இல்லாம எனக்கு வரலடி" என்றாள்.

ஒப்பாரி ஒருத்தி பாடுவது போலத் தோன்றும். உண்மையில் அது கட்டிப்பிடிக்கிற பாட்டு. தோளில் தோள் போட்டு, மாரில் அடித்து, ஒருத்தி விட்ட இடத்தை இன்னொருத்தி எடுக்க வேண்டும். கச்சேரி இணையத்துக்குப் போனது, சினிமா இணையத்துக்குப் போனது, ஒப்பாரி போக மறுத்துவிட்டது. 'கலை புதிய வடிவம் எடுத்து மீண்டது' என்று என் மூட்டையில் ஒரு கட்டுரை பெருமைப்படுகிறது. எடுக்க முடிந்தவை எடுத்தன. எடுக்க முடியாதவற்றைப் பற்றி எழுதுவதற்குத்தானே விமர்சனம்?

அதே மாதம்தான் 'கர்ணன்' எங்கள் தெருவுக்கு வந்தது. மாரி செல்வராஜின் அந்தப் படம் ஏப்ரல் 9 அன்று தியேட்டரில் வெளியானது. மறுநாளிலிருந்து பாதி இருக்கைதான் என்று அரசு அறிவித்திருந்தது. மே மாதமே அமேசானில் வந்துவிட்டது. சினிமாக் கட்டுரைகள் இதைப் படத்துக்கு நேர்ந்த நட்டமாக எழுதின. எனக்கு அது அப்படி மட்டும் தெரியவில்லை. கிடாக்குழி மாரியம்மாளின் குரல் எங்கள் காலனியில் ஒரே கைபேசியில், ஏழெட்டுத் தலைகள் சேர்ந்து குனிந்து பார்க்க, ஒலித்தது. தியேட்டருக்குப் போகப் பஸ்காசு இல்லாத கிழவிகள் பார்த்தார்கள். அதே ஜூலையில் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்கே வராமல் கைபேசிக்கு வந்தது. நம் கதைகள் தமிழ் சினிமாவில் நிமிர்ந்து நின்ற காலமும், நம் ஆட்கள் கூடி நிற்கத் தடை இருந்த காலமும் ஒன்றாக அமைந்தன. இதை யாராவது விரிவாக எழுத வேண்டும்.

எங்கய்யா படம் முழுக்கப் பார்த்தார். கொட்டு வருகிற இடங்களில் விரலால் தொடையில் தட்டிக்கொண்டார். முடிந்ததும் சொன்னார்: "அடி சரியா இருக்கு. போனுல அடிதான் கேக்குது, தோலு கேக்கல." 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை'யையும் இப்படித்தான் கைபேசியில் காட்டினேன். மார்கழியில், சபா இசைக்கென்று ஒதுக்கப்பட்ட மாதத்தில், பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறியது சின்னக் காரியம் அல்ல. அவருக்கும் பெருமைதான். ஆனால் அவர் குறை வேறு. தோல் நெஞ்சில் வந்து மோத வேண்டும், அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

6

மே கடைசியில் பெரியய்யா இறந்தார். மூச்சுத் திணறல். ஆசுபத்திரியில் இடம் கிடைத்து மூன்றாம் நாள். உடம்பு காலனிக்கே வரவில்லை. வண்டி நேரே சுடுகாட்டுக்குப் போனது. போன நாலு பேரும் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். நாற்பது வருஷம் ஊரிலுள்ள எல்லாச் சாவுக்கும் அடித்த மனுஷன், ஒரு அடி இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அன்று ராத்திரி எட்டு மணி இருக்கும். எங்கய்யா பரணிலிருந்து கொட்டை இறக்கினார். முற்றத்தில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினார். தோலைத் தீயில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்த்தார். முறுக்கேறியதும் தோளில் மாட்டிக்கொண்டு, பெரியய்யா வீட்டு வாசலில் போய் நின்று அடித்தார். உடம்பு இல்லை. பாடை இல்லை. கூட்டம் இல்லை. அவரவர் வாசலில் அவரவர் நின்றார்கள். எங்கம்மா தன் வாசலிலிருந்து எடுத்தாள். எதிர் வாசலிலிருந்து பெரியம்மா வாங்கினாள். நடுவில் தெருவின் அகலம்தான் இடைவெளி. ஒருத்தர் கையும் ஒருத்தர் மேல் படவில்லை. ஆனாலும் அன்றைக்கு எங்கம்மாவுக்குப் பாட்டு வந்தது.

ஊர்த்தெருவிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். எங்கய்யா நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் அடித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இதுக்கும் அடிக்கக் கூடாதுன்னு சொல்லுவியாத்தா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு அவரைக் கேட்காமல் நான் எடுத்த முடிவு என் முன்னால் வந்து நின்றது. அந்த முடிவு தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஊர்த்தெருவிலிருந்து ஆள் வந்து 'வாங்கடா' என்றால் போய் அடிப்பது அடிமைத்தனம்தான். அது ஒழியத்தான் வேண்டும். ஆனால் நான் அடியையும் அழைப்பையும் ஒன்றாகப் பார்த்துவிட்டேன். அன்று ராத்திரி அழைப்பு இல்லை, கூலி இல்லை, சாராயம் இல்லை. அடி மட்டும் இருந்தது. அது முழுக்க எங்களுடையதாக இருந்தது. பிரச்சினை தோலில் இல்லை, யார் சொல்லி யார் அடிப்பது என்பதில் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பெருந்தொற்றும் ஒரு சாவும் தேவைப்பட்டன.

7

இப்போது எல்லாம் திரும்பிவிட்டது. தியேட்டர் நிறைகிறது. 2023 ஜனவரியில் சென்னை சங்கமம் நடந்து, நாட்டுப்புறக் கலைஞர்கள் பூங்காக்களிலும் திடல்களிலும் ஆடினார்கள். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். செய்தியைப் படித்துக் காட்டியபோது எங்கய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஊர்த்தெருச் சாவுக்கும் பழையபடி ஆள் வந்து வாசலில் நிற்கிறது. இப்போது 'டேய்' போய் 'ஏப்பா' வந்திருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

கொரோனாக் காலத்துக் கலையைப் பற்றி இனி எழுதப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொழுதுபோக்குத் துறை முடங்கியது என்று தொடங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யாருடைய பொழுது, அது போக யார் உழைத்தார் என்று அடுத்த வரியிலேயே கேளுங்கள். மூடிய மேடைகளை எண்ணும்போது, மேடையே இல்லாமல் நின்றவர்களையும் எண்ணுங்கள். கணக்கில் ஏறாத நட்டத்தைக் கணக்கில் ஏற்றுங்கள். ஊர் ஊராகப் போய்க் கேட்டால் கிடைக்கும். எங்கள் ஊரில் அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை சாவு அடி இல்லாமல் போனது என்று எங்கய்யாவுக்குப் பேர் பேராகத் தெரியும். இதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பறை வேண்டுமா, வேண்டாமா என்று நாம் 30 வருஷமாகப் பேசிவிட்டோம். இனி அடிக்கிறவர் சொல்லட்டும். 'அடிக்கிறேன்' என்றாலும் 'அடிக்க மாட்டேன்' என்றாலும் அந்தச் சொல் அவருடையதாக இருக்க வேண்டும். அதற்கு முதலில், அவர் வீட்டு அடுப்பு ஊர்த்தெருச் சாவை நம்பி எரியாமல் இருக்க வழி செய்ய வேண்டும். நிலமாகவோ வேலையாகவோ பென்ஷனாகவோ அதை வாங்கித் தருகிற போராட்டம்தான் கலைப் போராட்டம். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். தீயில் காட்டத் தெரிந்தவருக்கு எப்போது அடிப்பது என்றும் தெரியும்.